ஆவி தீர்ந்தது என்று எழுத முடியவில்லை

மதுரையிலிருந்து வரதன் அனுப்பிய ஆங்கிலச் செய்தி
நான்கே பத்தி.
பத்திக்கு நாற்பது ரூபாய்,
பன்னிரண்டு மணிக்குள் தமிழில் வேண்டும்.
தலைப்பிலேயே கால் இடறியது:
மண்டபம் மீனவர் வேலைநிறுத்தம்
ரன் அவுட் ஆஃப் ஸ்டீம்.

அகராதி சொன்னது, நீராவி தீர்தல்.
நீராவிக்கு இங்கே என்ன வேலை?
எங்கள் படகுகள் டீசல் குடிப்பவை.
இந்தத் தெருவில் ஆவி பறப்பது
சீனி முகம்மது கடை பாய்லரில்தான்.
அதுவும் கடன் நோட்டு நிரம்பியபின்
ஒருவேளை மட்டும்.

'ஆவி தீர்ந்தது' என்று அடித்துப் பார்த்தேன்.
உடனே அழித்தேன்.
அக்கரைச் சிறையில் ஒன்பது பேர்.
அதில் ஒருவனின் மனைவி நம்புச்செல்வி
பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவள்,
முதல் பக்கத்துக்கு வந்துசேர அஞ்சி.
அவள் கண்ணில் அந்தச் சொல் படக் கூடாது.
பாய்லரையும் பிணத்தையும்
ஒரே வீட்டில் குடிவைத்த மொழி இது.

காற்று விழுந்தது என்று எழுதலாமா?
கடல்காரர் சொல். எனக்குப் பிடித்த சொல்.
ஆனால் காற்று விழுந்தால் யார்மேலும் குற்றமில்லை.
கொண்டல் ஓய்ந்தால் கச்சான் வரும்,
அதுவரை பாயைச் சுருட்டிக்கொண்டு
பீடி பற்றவைக்கலாம்.
இது அப்படி விழவில்லை.
நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முதல் நாள் மைக் செட் பாம்பன் வரை கேட்டதாம்.
நான்காம் நாள் தாசில்தார் வந்தார்,
பாதி குடித்த தண்ணீர் பாட்டிலோடு திரும்பினார்.
ஏழாம் நாள் பந்தல்காரர்
தலையைச் சொறிந்தபடி வந்து நின்றார்:
உச்சிப்புளியில் ஒரு கல்யாணம்,
நாற்காலி மட்டுமாவது.
நாற்காலிகள் போயின.
உட்கார்ந்திருந்தவர்கள் நின்றார்கள்.
நின்றவர்கள், சும்மா, கொஞ்சம் நடந்தார்கள்.
ஒன்பதாம் நாள் ஐஸ் கம்பெனிக்கு ஒரு போன்,
விலை மட்டும் கேட்டு.
நேற்று, பதினோராம் நாள், விடியுமுன்
டோக்கன் ஜன்னலில் ஓர் ஆள்
முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு.
செருப்பை வைத்து அடையாளம் கண்டேன்.
இடது வார் அறுந்து, வலை நூலால் தைத்தது.
தைத்தவள் நான்.

கித்தேரியான் ஒன்றும் சொல்லவில்லை.
டிவி மேல் வங்கியின் நகை ஏலக் கடிதம்
மடித்த வாக்கிலேயே இருந்தது.
நானும் கேட்கவில்லை.
டோக்கனைச் சட்டைப் பையில் வைத்தான்,
நான் சோற்று வாளியைக் கழுவி வைத்தேன்.

பதினொன்றே முக்காலுக்கு வரதன் போன்:
'என்ன மேடம், பிசுபிசுத்ததுன்னு போடுங்க.
எப்பவும் அதுதானே.'

எப்பவும் அதுதான்.
நமத்துப்போன பட்டாசுக்கும்
நடக்காமல் போன கடையடைப்புக்கும்
பத்திரிகைகள் கைவசம் வைத்திருக்கும் சொல்.
போட்டேன்.
நூற்றறுபது ரூபாய்.

இன்று காலை படகு வந்தது.
இறால் பதினான்கு கிலோ, நண்டு கொஞ்சம்.
வியாபாரி விலையைக் குறைத்தபோது
வாதாட யாருக்கும் வாய் வரவில்லையாம்.
குழாயடியில் கித்தேரியான்
சோப்புப் போட்டுக் கை கழுவினான்.
மறுபடி கழுவினான்.
துண்டை நீட்டினேன், வாங்கவில்லை.
'போகமாட்டேங்குது,' என்றான்,
'பிசுபிசுன்னே இருக்கு.'

நேற்று நான் விற்ற சொல்
அவன் விரலிடுக்கில்.

வாசலில் செருப்புச் சத்தம். நம்புச்செல்வி.
கையில் பேப்பர், கடைசிப் பக்கம் மேலே.
'அக்கா, முன்னால என்ன போட்ருக்கு?'

குழாய் திறந்தே கிடந்தது.
அவனும் மூடவில்லை, நானும்.